வாசம் இல்லாத கேஸ்

இந்த மாத சுவர் இதழுக்கு நான் கவிதை எழுதுறேன்னுதான் பேர் கொடுத்திருந்தேன். ஆனால் அரையாண்டு லீவில் நடந்த ஒரு விஷயத்தை எழுதியே ஆகணும்னு தோன்றியது. கவிதை அடுத்த மாதம்.

ஓசூரில் என் சித்தி வீடு. மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். மார்கழியில் அங்கே காலையில் பல் தந்தியடிக்கும். குளியலறை சுவரில் ஒரு கேஸ் ஹீட்டர் மாட்டியிருந்தது. நம்ம ஸ்கூல் பை உசரம்தான் இருக்கும். குழாயைத் திறந்தால் 'டிக் டிக்'னு சத்தம் வரும், உள்ளே குப்புனு தீ பிடிக்கும், உடனே வெந்நீர் கொட்டும். குழாயை மூடினால் தீயும் அணைஞ்சிடும். எனக்கு ஒரே ஆச்சரியம். சும்மாவே ரெண்டு தடவை மூஞ்சி கழுவினேன்.

மறுநாள் காலையில் முதலில் சித்தப்பா குளித்தார், அப்புறம் நான். வெளியே வரும்போது எனக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது. பஸ்ஸில் வந்த அலுப்புன்னு நினைத்தேன். எனக்குப் பின்னாடி ஆறாவது படிக்கிற தங்கச்சி போனாள். கொஞ்ச நேரத்தில் மக் உருளுற சத்தம், 'தொம்'னு ஏதோ விழுற சத்தம். கூப்பிட்டால் பதில் இல்லை, தண்ணி மட்டும் கொட்டுது. சித்தப்பா தோளால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்தார். அவள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். துண்டைச் சுற்றி மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். ரெண்டு மூணு நிமிஷம் கழித்துத்தான் கண் திறந்தாள், வாந்தியும் எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூம்ல கேஸ் ஹீட்டரா?" சித்தி சொன்னாங்க, "ஆமா டாக்டர், ஆனா கேஸ் லீக் ஆகலையே, வாசமே வரலையே!" அதுக்கு டாக்டர், "வாசம் வராதும்மா, அதுதான் ஆபத்தே" என்றார். தங்கச்சிக்கு மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

இதை நான் லீவு முடிஞ்சு வந்து நம்ம அறிவியல் டீச்சரிடம் கேட்டுப் புரிந்துகொண்டேன். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். அதுகளுக்கு இயற்கையில் வாசம் கிடையாது. லீக் ஆனால் தெரியணும்னு மெர்காப்டன் என்கிற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆக நாம் முகர்வது எரியாத கேஸை. கேஸ் எரியும்போது அந்த நாற்றமும் சேர்ந்து எரிந்து போயிடும். நிறைய காற்று இருந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும், தீ நீலமாக இருக்கும். காற்று பத்தாவிட்டால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளுமாம். அப்புறம் ஆக்சிஜனுக்கு இடம் ஏது? தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். கால் துவண்டு போகும். கதவைத் திறக்கணும்னு நினைப்பு வருவதற்குள் மயக்கமே வந்துவிடும்.

இனி அந்த ஹீட்டர் கதை. மறுநாள் வந்த மெக்கானிக் அண்ணன் மூடியைக் கழற்றி எங்களுக்கே காட்டினார். தண்ணி ஓடுற வேகம் தள்ளினால்தான் உள்ளே கேஸ் வழி திறக்கும். ரெண்டு பேட்டரி செல் பொறி கொடுக்கும். பர்னருக்கு மேலே செம்புக் குழாய், அதைச் சுற்றி மெல்லிய தகடுகள். அந்தத் தகடுகளுக்கு நடுவில் கரி அடைத்திருந்தது. தீயும் பாதி மஞ்சளாக எரிந்தது. மஞ்சள் தீ, கரி ரெண்டும் அரைகுறையாக எரியுது என்பதற்கு அடையாளம். புகை வெளியே போகக் குழாயே போடவில்லை. அதை விடப் பெரிய தப்பு எங்க சித்தியுடையது. குளிர் காத்து வருதுன்னு வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அதிலும் மூணு பேர் இடைவெளி விடாமல் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் குளித்தோம். ஒவ்வொருத்தர் குளிக்கும்போதும் வாயு சேர்ந்துகொண்டே போனது, கடைசி ஆள் மாட்டிக்கொண்டாள்.

"இதைக் குளிக்கிற ரூமுக்குள்ள மாட்டவே கூடாதும்மா. வெளிச்சுவத்துல மாட்டி, தண்ணிக் குழாயை மட்டும் உள்ளே விடணும்" என்றார் அந்த அண்ணன். மாற்றி மாட்டும் வரை கதவைத் திறந்து வைத்து வாளியில் பிடித்து, ஹீட்டரை நிறுத்திவிட்டுத்தான் குளிக்கச் சொன்னார். வருஷம் ஒரு தடவை கரியைச் சுத்தம் செய்யணுமாம். ரப்பர் டியூபில் போட்டிருக்கிற தேதி முடிஞ்சால் மாற்றணும். லீக் இருக்கான்னு சோப்புத் தண்ணி தடவிப் பார்க்கணும், தீக்குச்சி பத்த வைத்துப் பார்க்கக் கூடாது. (எங்க தாத்தா அப்படித்தான் பார்ப்பார். இப்போ நான் விடுவதில்லை.) வாசம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-க்கு போன் பண்ணணும்.

யாராவது இப்படி மயங்கி விழுந்தால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வரணும், 108-ஐக் கூப்பிடணும். நினைவில்லாதவங்க வாயில் தண்ணி ஊத்தவே கூடாது. தானாக எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

நம்ம ஊரில்தான் விறகடுப்பும் அண்டாவும் ஆச்சே, இது எதுக்குன்னு என் பக்கத்து பெஞ்ச் தோழி கேட்டாள். நாளைக்கு நம்மில் எத்தனை பேர் ஓசூர், பெங்களூர்னு வேலைக்குப் போகப் போறோம். அதோடு கரி நெருப்பிலிருந்தும் இதே வாயுதான் வரும். பிள்ளை பெத்த வீட்டில் காத்து படக்கூடாதுன்னு கதவைச் சாத்திக்கொண்டு, சாம்பிராணி போட்ட கரிச்சட்டியை ராத்திரி பூரா உள்ளேயே வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். குழந்தையும் அங்கேதான் தூங்கும். சாம்பிராணி போட்டதும் சட்டியை வாசலில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

சித்தி வீட்டில் ஹீட்டர் இப்போ பால்கனி வெளிச்சுவரில் இருக்கிறது. வென்டிலேட்டர் அட்டையை எடுத்தாச்சு. தங்கச்சி இன்னும் தாழ்ப்பாள் போடுவதில்லை, குளிக்கும்போது சத்தமாகப் பாடுகிறாள். பாட்டு நின்றால் சித்தி ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறார்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி