உடலுழைப்பும் உடற்கொழுப்பும்

எங்கள் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியர் ஒருவர், மருத்துவரின் அறிவுரைப்படி விடியற்காலையில் நடக்கத் தொடங்கினார். முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வகுப்பறையும் நாற்காலியுமாக வாழ்ந்தவர், உடல் பருத்தவர். நாற்பது நாள் தவறாமல் நடந்தபின் எடைபார்க்கும் கருவியில் ஏறி நின்றார். அரைக் கிலோகூடக் குறையவில்லை. “நடந்ததெல்லாம் வீண்” என்று கூறி மறுநாளே நடையை நிறுத்திவிட்டார். இவ்வாறு நிறுத்தியோர் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இருப்பர். அவர்களை எண்ணியே இக்கட்டுரை எழுதப்படுகிறது. கருவி காட்டிய எடை பொய்யன்று. ஆயினும் அந்த நாற்பது நாளில் அவருடைய தசைகளுக்குள் நிகழ்ந்ததை அறியும் ஆற்றல் அக்கருவிக்கு இல்லை.

கொழுப்பு எரிகிறது என்கிறோம். எங்கே எரிகிறது, எரிந்து எங்கே போகிறது என்று கேட்டால் பலர் வியர்வையைக் காட்டுவர். வியர்வை என்பது பெரும்பாலும் நீரும் உப்பும்தான். வயிற்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை இறுகக் கட்டிக்கொண்டு நடப்போர் இழப்பது நீரையே. ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் இழந்த எடை திரும்பிவிடும். சேமிப்பில் உள்ள கொழுப்பு, கொழுப்பணுக்களுக்குள் ட்ரைகிளிசரைடு என்னும் வடிவில் தங்கியுள்ளது. உடல் உழைக்கத் தொடங்கியதும் அட்ரினலின் முதலிய இயக்குநீர்கள் அவ்வணுக்களைத் தூண்டுகின்றன. நொதிகள் ட்ரைகிளிசரைடைப் பிளந்து கொழுப்பமிலங்களை விடுவிக்கின்றன. இவை நீரில் எளிதில் கரையாதவை. ஆகவே குருதியிலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு பயணம் செய்து தசையை அடைகின்றன. தசையணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலைகள் உள்ளன. அங்கேதான் கொழுப்பமிலம் ஆக்சிஜனுடன் கூடி எரிந்து ஆற்றலைத் தருகிறது. எஞ்சுவன கரியமிலவாயுவும் நீருமே. 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமிலவாயுவாகவும் 1.6 கிலோ நீராகவும் மாறும் என்று ஆஸ்திரேலிய அறிஞர்களான ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகியோர் 2014ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினர். பருத்த உடல் மெலிவது பெரும்பாலும் மூச்சின் வழியாகத்தான் என்பது வியப்பூட்டும் உண்மை. (அப்படியானால் பெருமூச்சு விட்டுக்கொண்டே அமர்ந்திருந்தால் போதுமா என்று மாணவர் ஒருவர் வினவினார். போதாது. தசை வேலை செய்து ஆற்றலைக் கேட்டால்தான் உலை கூடுதலாக எரியும்.)

தசைக்குக் கொழுப்பு மட்டுமே எரிபொருள் அன்று. மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையும் உண்டு. எந்த நேரத்தில் எது மிகுதியாக எரிகிறது என்பதை மூச்சைக் கொண்டே அறியலாம். சர்க்கரை எரியும்போது உட்கொள்ளும் ஆக்சிஜனின் அளவும் வெளிவிடும் கரியமிலவாயுவின் அளவும் சமம். கொழுப்பு எரியும்போது வெளிவருவது உட்கொண்டதில் பத்தில் ஏழு பங்கே. டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோகும் யோகன்னஸ் லிண்ட்ஹார்டும் இந்த அளவீட்டைக் கொண்டு உழைக்கும் தசையின் எரிபொருளை ஆராய்ந்து 1920இல் வெளியிட்டனர். வழிவந்த ஆய்வுகள் ஒன்றை உறுதி செய்தன. மெல்ல உழைக்கும்போது கொழுப்பின் பங்கு மிகுதி. வேகம் கூடக்கூடச் சர்க்கரையின் பங்கு உயரும். எந்த வேகத்தில் இம்மாற்றம் நேர்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். நாளெல்லாம் அமர்ந்திருப்பவரின் தசையில் உலைகள் குறைவு. குருதி நுண்குழாய்களும் குறைவு. ஆகவே சற்றே விரைந்து நடந்தாலும் அவர் உடல் சர்க்கரையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது; மூச்சும் வாங்குகிறது. கொழுப்பு மூட்டை மூட்டையாக இருந்தும் அதை எரிக்க அடுப்பு இல்லாத நிலை அது.

அந்த அடுப்புகளைப் பெருக்க முடியும் என்பதே இத்துறையின் பெருங்கண்டுபிடிப்பு எனலாம். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய ஜான் ஹொலோசி என்னும் அறிஞர், எலிகளை ஓடுபட்டையில் வாரக்கணக்கில் ஓடச்செய்து அவற்றின் தசையை ஆராய்ந்தார். ஓடிய எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் எரிக்கும் திறன் ஏறத்தாழ இருமடங்காகியிருந்ததை 1967இல் வெளியிட்டார். மனிதத் தசையிலும் இத்தகைய வளர்ச்சி நிகழ்வது பின்னர் தெளிவாயிற்று. பருத்த உடலினர், நடுத்தர வயதினர் ஆகியோரும் இதற்கு விலக்கல்லர். சில வாரப் பயிற்சிக்குப் பின் முன்பு மூச்சு வாங்கச் செய்த அதே வேகம் எளிதாகத் தோன்றுகிறது. அதே வேகத்தில் முன்னினும் மிகுதியான கொழுப்பு எரிகிறது.

பின் ஏன் எடை குறையவில்லை? இங்கே சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும். உடற்கொழுப்புத் திசு ஒரு கிலோ ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றலைக் கொண்டது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் ஓரளவு விரைந்து நடந்தால், அமர்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 100 கிலோகலோரியே. நாற்பது நாளுக்கு 4,000. அரைக் கிலோ கொழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நடந்து திரும்பும் வழியில் தேநீர்க்கடையில் நண்பர்களுடன் உண்ணும் இரண்டு வடை அன்றைய செலவை ஈடுகட்டிவிடும். நம் பேராசிரியரும் அக்கடையைத் தவிர்த்தவர் அல்லர். மேலும் பயிற்சி பெற்ற தசை கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பை மிகுதியாக வைத்துக்கொள்ளும். அதனுடன் நீரும் சேரும். ஆக, சிறிதளவு கொழுப்புக் குறைந்திருந்தாலும் எடைக்கருவி அதைக் காட்டாமற் போகலாம். எடையைக் குறைப்பதே நோக்கமாயின் உணவையும் குறைத்தாக வேண்டும். நடை மட்டும் அதைச் செய்துவிடும் என்று கூறுவோர் நம்மை ஏமாற்றுகின்றனர். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசியதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அவர் காலத்து மக்களுக்கு நடக்கச் சொல்லவேண்டிய தேவை இருந்திராது.

ஆயின் எடை குறையாத நடை வீணா? கனடாவில் ராபர்ட் ராஸ் என்பவரும் குழுவினரும் பருத்த உடலுடைய 52 ஆண்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவினர் மூன்று மாதம் உடற்பயிற்சி செய்தனர். ஆனால் செலவான ஆற்றலுக்கு ஈடாக உண்ணும்படி செய்து, அவர்கள் எடை குறையாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. அவ்வாறிருந்தும் அவர்களுடைய வயிற்றின் உட்புறக் கொழுப்புக் குறைந்திருந்தது. குடலையும் ஈரலையும் சூழ்ந்திருக்கும் இக்கொழுப்பே நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் மிகவும் துணைபோவது. பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றும் நம்மவர் பலரிடமும் இது ஒளிந்திருப்பதால்தான், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வரம்பைத் தாண்டலாகாது என்று 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வகுத்தனர்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வந்தது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டுக் காலம் பின்தொடர்ந்து, முடிவை 2006இல் வெளியிட்டனர். வழக்கமான வாழ்க்கையைத் தொடர்ந்தவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் மேற்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாக இருந்தது. இவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதே இதில் கருதத்தக்கது. ஓய்வுபெற்ற நம் பேராசிரியர் இந்த ஆய்வில் இருந்திருந்தால், பயன் பெற்றுக்கொண்டிருக்கும்போதே பயனில்லை என்று கூறி எழுந்து போயிருப்பார்.

இடையில் இன்னொரு மயக்கத்தையும் நீக்கிவிடலாம். வயிற்றுக்கென்றே பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது பரவலான நம்பிக்கை. டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரு கைகளையும் அளந்த ஓர் ஆய்வு 1971இல் வெளிவந்தது. மட்டை பிடிக்கும் கை பருமனில் பெரிதாயிருந்தது. தோலடிக் கொழுப்போ இரு கைகளிலும் ஒன்றுபோலவே இருந்தது. கொழுப்பு குருதியின் வழியே பொதுவில் எடுக்கப்படுவது. எந்தத் தசை அசைகிறதோ அதன் மேலிருந்து மட்டும் எடுக்கப்படுவதன்று.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் தந்த அளவு. பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்குவதே மிதம். ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதில்லை. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். வெளியில் நடக்க இடமோ நேரமோ வாய்க்காத நம் வீட்டுப் பெண்களுக்கு இது நற்செய்தி. மாடிப்படியும் மொட்டைமாடியும் போதும். நெடுங்காலம் அமர்ந்தே இருந்தவர்கள் முதல் வாரம் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுவது நலம். நெஞ்சுவலி, மயக்கம் உடையோரும் இன்சுலின் போட்டுக்கொள்வோரும் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும். நிறுத்துவோர் அறியவேண்டியது ஒன்றுண்டு: பயிற்சியால் இன்சுலின் நன்கு வேலைசெய்யத் தொடங்கிய பயன் சில நாட்களிலேயே தேயத் தொடங்கும், தசையில் பெருகிய உலைகள் சில வாரங்களில் குறையும்.

இவற்றையெல்லாம் நம் பேராசிரியரிடம் எடுத்துரைத்தேன். “எடையைப் பார்க்க வேண்டா என்றால் வேறு எதைப் பார்ப்பது?” என்றார். இலண்டனில் பேருந்து ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர், 1956இல் அவர்களுடைய சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவைக் கொண்டே, அமர்ந்து ஓட்டுவோர் படியேறி இறங்குவோரைவிடப் பருத்திருந்ததைக் காட்டினார் என்று சொன்னேன். பேராசிரியர் சிரித்தார். வேட்டியும் கைலியும் எந்த இடுப்புக்கும் இடம் கொடுக்கும் ஆடைகள். அவற்றில் சான்று கிடைக்காது. ஆதலால் தையற்காரர் வைத்திருக்கும் அளவுநாடா ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் 104 செ.மீ. என்று நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டு மீண்டும் நடக்கத் தொடங்கியிருக்கிறார்.