தட்டில் குறையும் கீரையைத் தொட்டியில் வளர்க்கலாம்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று அது அளவு சொல்கிறது. அந்த 400 கிராமில் 100 கிராம் கீரையாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் குழம்பில் மிதக்கும் நான்கு முருங்கைத் துண்டும், ஒரு கரண்டிப் பொரியலும் இந்த அளவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. கீரையோ வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் பெரிது.

வீட்டுத் தோட்டம் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாக் காய்களையும் தந்துவிடாது. ஆனால் எது தட்டில் குறைகிறதோ, அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிடும். அதனால்தான் என்ன பயிரிடுவது என்பதை ஆசையைவிட உடலின் தேவையைப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

தோட்டம் உடலுக்குச் செய்வது என்ன?

அமெரிக்காவின் டென்வர் நகரில் 291 பேரை வைத்துக் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். இவர்கள் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் தோட்ட வேலை செய்யாதவர்கள். பாதிப் பேருக்குச் சமுதாயத் தோட்டத்தில் இடமும் விதையும் நாற்றும் கொடுக்கப்பட்டன. மீதிப் பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, தோட்டம் போட்டவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாக உண்டார்கள். வாரத்துக்கு 42 நிமிடம் கூடுதலாக உடலை அசைத்தார்கள். மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன.

மன அழுத்தத்தைப் பற்றி நெதர்லாந்தில் நடந்த இன்னொரு ஆய்வு 2011-ல் வெளியானது. சிக்கலான பணி ஒன்றைக் கொடுத்து 30 பேரை மன அழுத்தத்துக்கு உள்ளாக்கியபின், சிலரை அரை மணி நேரம் தோட்ட வேலைக்கும், சிலரை அறைக்குள் வாசிக்கவும் அனுப்பினார்கள். கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் இரு தரப்பிலும் இறங்கியது. மண்ணில் வேலை செய்தவர்களிடம் அதிகமாக இறங்கியது.

ஊட்டச்சத்துக் குறைவைப் போக்கத் தோட்டத்தை நாடியதற்கு எடுத்துக்காட்டாக நமக்கு அருகிலேயே வங்கதேசம் இருக்கிறது. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வந்துகொண்டிருந்த அந்த நாட்டில், ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் அமைப்பு 1990-களில் வீட்டுத் தோட்டங்களைப் பரப்பியது. கீரையும் மஞ்சள் நிறக் காய்கனிகளும் ஆண்டு முழுவதும் கிடைக்கும்படி தோட்டத்தை அமைக்கப் பெண்களுக்குக் கற்றுத் தந்தார்கள்.

முதலில் கீரை

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கீரையில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் உடல் அதை எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை. வைட்டமின் சி சேர்ந்தால் உறிஞ்சும் அளவு கூடும். எனவே பொரியலை அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சை பிழிவது நல்லது. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பது இரும்பைத் தடுக்கும்.

பறித்த நிமிடத்திலிருந்தே கீரை தன் வைட்டமின் சியை இழக்கத் தொடங்குகிறது. வெயிலில் வண்டியில் கிடந்தால் இழப்பு இன்னும் வேகம். உலை கொதிக்கும்போது மாடிக்குப் போய்ப் பறித்து வரும் கீரைக்கு இந்தச் சேதம் மிகக் குறைவு.

முளைக்கீரையும் வெந்தயக்கீரையும் விதைத்த மூன்று, நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். பொன்னாங்கண்ணிக்கும் புதினாவுக்கும் விதைகூட வேண்டாம்; சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து முற்றிய தண்டுகளை ஊன்றினாலே துளிர்க்கும். பத்து நாளுக்கு ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றி விதைத்தால் இடைவெளி விழாது. கீரை கைவந்தபின் வெண்டை, கத்தரி, தக்காளி என்று விரிக்கலாம். இவற்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் தேவை.

சின்னப் பழங்கள்

ஸ்ட்ராபெர்ரி குளிர் விரும்பும் செடி. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் நன்றாகக் காய்க்கும். சென்னை, மதுரை வெயிலில் அதோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. சமவெளிக்கு ஏற்ற சின்னப் பழங்கள் நம்மிடமே இருக்கின்றன.

மணத்தக்காளி எந்தத் தொட்டியிலும் வரும். இலை கூட்டுக்கு, கனிந்த பழம் குழந்தைகள் பறித்துத் தின்ன. காயில் சோலனைன் என்னும் நச்சுப்பொருள் இருக்கக்கூடும் என்பதால் பச்சைக் காயை அப்படியே தின்னவிடக் கூடாது. பட்டுப்புழுவுக்கு இலை தரும் முசுக்கொட்டையைக் குச்சி நட்டே வளர்க்கலாம். கிளையைக் கவாத்து செய்யச் செய்யப் புதுத் துளிரில் பழம் வைக்கும். பார்படோஸ் செர்ரி பெரிய தொட்டியில் செழிக்கும். அதன் 100 கிராம் பழத்தில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. கீரைச் சோற்றுக்குப் பின் இரண்டு மூன்று பழம் தின்றால் இரும்பை உடல் எடுத்துக்கொள்ளவும் உதவும்.

தோட்டமே நோய் தராமல் இருக்க

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீர்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். வாரம் ஒரு முறையாவது தட்டைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டைகள் அப்போதுதான் போகும்.

பச்சைச் சாணத்தை நேரடியாகப் போடக் கூடாது. அதிலுள்ள ஈ-கோலை போன்ற கிருமிகள் கீரையில் ஒட்டும். நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் போதும். பறித்த கீரையை ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

மழைக்கால ஈரமண்ணில் மெலியோய்டோசிஸ் என்னும் நோயைத் தரும் பாக்டீரியா இருக்கலாம். தமிழ்நாட்டிலும் கண்டறியப்பட்ட இந்த நோய் நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். அவர்கள் கையுறையும் செருப்பும் இல்லாமல் மண்ணைத் தொடக் கூடாது. காலில் புண் இருந்தால் அது ஆறும்வரை மண் வேலையை ஒதுக்கி வைக்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசியைப் பத்தாண்டுக்கு ஒரு முறை போட்டுக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

அசுவினி, மாவுப்பூச்சி கண்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மாடியில் வைப்பவர்கள் பாரத்தையும் கணக்கிட வேண்டும். நனைந்த மண் மிகக் கனமானது. தென்னைநார்க் கழிவு கலந்தால் எடை குறையும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக்கீரையையும் அரைநெல்லியையும் அளவோடு உண்ண வேண்டும். இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரையின் பொட்டாசியம் சிக்கல் தரலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றும். இவர்கள் மருத்துவரிடம் தங்களுக்கான அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுப்பவர்களும் தோட்டத்துக் கீரையை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது. கீரையும் மாத்திரையும் சேர்ந்தே நடக்கட்டும். ஹீமோகுளோபின் பரிசோதனையைப் பார்த்து நிறுத்தும் நாளை மருத்துவர் சொல்வார்.