புற்றுநோய் குணமான பிறகும் கால் ஏன் தடுக்குகிறது?

மாடிப்படி ஏறும்போது கால் விரல் படியில் இடிக்கிறது. நடக்க நடக்கச் செருப்பு கழன்றுவிடுகிறது. கழன்றதே சில சமயம் தெரிவதில்லை. 5 வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து முழுக்கக் குணமாகி, 30 வயதில் வேலைக்குப் போகும் ஒருவருக்கு இப்படி இருந்தால், "பார்த்து நட" என்பார்கள் வீட்டில். பார்வையில் கோளாறு இல்லை. அன்று ஏற்றிய வின்கிரிஸ்டின் மருந்தின் மிச்சமாக அது இருக்கலாம்.

நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் மருந்து அது. செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைத்து, புற்றுச்செல் இரண்டாகப் பிரியாமல் தடுக்கும். நரம்புக்குள் சத்துகள் நகர்ந்து போவதும் அதே நுண்குழல்கள் வழியாகத்தான். அவை பழுதானால் கடைமடை வயல் முதலில் காய்வதுபோல, உடம்பிலேயே நீளமான நரம்புகள் போய்ச் சேரும் பாதம் முதலில் பலவீனமாகும். மருந்து நின்றதும் பலருக்குச் சரியாகிவிடுகிறது. சிலருக்கு மிச்சம் தங்கிவிடுகிறது. விரல்களைத் தூக்கி, குதிகாலால் மட்டும் நாலடி நடக்கச் சொன்னால் ஓரளவு தெரிந்துவிடும்.

மற்ற சிகிச்சைகளுக்கும் இப்படிப் பின்விளைவு உண்டு. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இடுப்பு மூட்டுக்கு ரத்தம் போவதைக் குறைத்து எலும்பை நைந்துபோகச் செய்யலாம். பதின்வயதில் சிகிச்சை பெற்றவர்களுக்கு இது அதிகம். சம்மணமிட்டு உட்காரும்போது தொடை இடுக்கில் வலித்தால் அலட்சியம் வேண்டாம். மூளைக்குக் கொடுத்த கதிர்வீச்சு வளர்ச்சி ஹார்மோனைக் குறைத்து, தசையை மெலியவைக்கும். சிவப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஏறுமே, அந்த டாக்ஸோரூபிசின் இதயத் தசையைத் தளர்த்தலாம். அதுவும் பல வருடம் கழித்து.

எவ்வளவு பேருக்கு இப்படி? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970 முதல் 1986 வரை நோய் கண்டறியப்பட்டுப் பிழைத்த குழந்தைகளைப் பெரியவர்களான பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். ஒப்பிட அவர்களுடைய உடன்பிறந்தவர்களையே எடுத்துக்கொண்டது கெட்டிக்காரத்தனம்: ஒரே வீடு, ஒரே சாப்பாடு. 2005-ல் வெளிவந்த முடிவின்படி, பிழைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நடப்பது, படியேறுவது, பளு தூக்குவது போன்றவற்றில் சிரமம் இருந்தது. மூளைக்கட்டி, எலும்புப் புற்று வந்தவர்களுக்கு அது கூடுதல். மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனை பின்னர் நேரில் பரிசோதித்தபோது, முப்பதுகளில் இருந்த சிலரிடம் 65 வயதைத் தாண்டியவர்களின் தளர்ச்சியைக் கண்டது.

இதைப் படித்துப் பெற்றோர் பயந்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் ரத்தப் புற்றுநோய்க்கும் தலையில் கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம். இன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தேவைப்படுவதில்லை.

வீட்டில் நடக்கும் தவறு வேறு. "நோயில விழுந்து எழுந்த பிள்ளை" என்று பி.டி. பீரியடில் உட்காரவைத்துவிடுகிறோம். பாசம்தான், ஆனால் ஏற்கெனவே மெலிந்த தசை இன்னும் மெலிகிறது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, நடை, நீச்சல், சைக்கிள் எதுவானாலும் சீக்கிரமே தொடங்குவது நல்லது. பாதம் தொங்கினால் பிசியோதெரபியும் கணுக்கால் பட்டையும் கைகொடுக்கும்.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே தனி கிளினிக் 1991 முதல் இருக்கிறது. அப்படி ஒன்று பக்கத்தில் இல்லாதவர்கள் பழைய ஃபைலைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்: என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில். பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும் அதில் ஒரு நகலைக் கையில் கொடுத்துவிடுங்கள். டாக்ஸோரூபிசின் ஏறிய பெண் குழந்தை வளர்ந்து கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போது, முதலில் எக்கோ எடுக்க வேண்டும் என்று மகப்பேறு டாக்டருக்குத் தெரிவது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.