ஆறு மீட்டரில் தொடங்கும் பாதாளம்

கரீபியன் கடலில் ஜமைக்காவுக்கு வடமேற்கே, பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட மூன்று கேமன் தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் மிகச் சிறியது லிட்டில் கேமன். நீளம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அதன் வடகரையில் பிளடி பே என்னும் விரிகுடாவை அடுத்து, கடலடி திடீரென்று முடிந்துவிடுகிறது. பவளப்பாறையின் மேல்விளிம்பு சில இடங்களில் வெறும் 6 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து செங்குத்தாக இறங்கும் சுவர் 300 மீட்டருக்கும் கீழே போகிறது. ஸ்கூபா முக்குளிப்பவர்கள் உலகெங்கிலுமிருந்து இதைத் தேடி வருகிறார்கள்.

கேமன் தீவுகள் ஒரு கடலடி மலைத்தொடரின் உச்சிகள். அருகிலுள்ள கேமன் அகழியின் ஆழம் 7,500 மீட்டருக்கும் மேல். மலையுச்சிதான் தீவு என்பதால், கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே சரிவு தொடங்கிவிடுகிறது. தீவில் ஆறு கிடையாது. வண்டலைக் கொண்டுவந்து கொட்ட எதுவுமில்லை. அதனால் தண்ணீரில் 30 மீட்டர் தொலைவு வரை பார்க்க முடிகிறது. ஆண்டு முழுவதும் நீர் 26 முதல் 29 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாகவும் இருக்கிறது.

சுவரில் வாழும் உயிர்களை வரிசைப்படுத்துவது வெளிச்சம். பவள உயிரிகளின் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்துத் தருகின்றன. ஆகவே மேல்விளிம்பில் பவளங்கள் உருண்டையாகத் திரண்டு வளர்கின்றன. ஆழம் கூடக்கூட, கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்கத் தட்டுத் தட்டாக விரிகின்றன. நீரை வடிகட்டி உண்ணும் கடற்பஞ்சுகளுக்கு ஒளி தேவையில்லை. பீப்பாய் வடிவிலும் குழாய் வடிவிலும் அவை சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் உறிஞ்சிவிடுவதால், 20 மீட்டரில் செந்நிறக் கடற்பஞ்சு மங்கிய பழுப்பாகத்தான் தெரியும். கைவிளக்கை அடித்தால் அதன் உண்மை நிறம் பளிச்சென்று திரும்பும். விளிம்பை ஒட்டி அழுங்காமைகள் மேயும். விளிம்புக்கு அப்பால் நீலவெளியில் புள்ளித் திருக்கைகள் சிறகடித்துப் போகும்.

முக்குளிப்பவர் முதுகில் சுமப்பது ஆக்சிஜன் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைக்கப்பட்டது. 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமீல் காஞானும் உருவாக்கிய ரெகுலேட்டர், அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்ப அதை வாய்க்கு அனுப்புகிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேற்பரப்பில் ஒரு மணி நேரத்துக்குப் போதுமான காற்று, 10 மீட்டரில் அரை மணிக்கும் 30 மீட்டரில் கால் மணிக்கும்தான் வரும்.

அழுத்தம் குறையும்போது காற்று விரிகிறது. 10 மீட்டரில் நுரையீரலில் நிரம்பிய காற்று மேற்பரப்பில் இரு மடங்காகும். முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்கித்தான் வேலை செய்வார். ஆனால் ஆழத்திலேயே காற்றை நிரப்பிக்கொள்ளும் ஸ்கூபாவில் மூச்சை அடக்கி மேலேறினால் நுரையீரல் கிழிந்துபோகலாம். காற்று மிக வேகமாக விரிவது கடைசி 10 மீட்டரில் என்பதால், ஆழம் குறைவு, ஆபத்தும் குறைவு என்று எண்ணுவது பெரிய தவறு.

சுவரின் தனி ஆபத்து வேறு. காலடியில் தரை இல்லை. தெளிந்த நீரில் 15 மீட்டரும் 35 மீட்டரும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். புதிதாகப் பயிற்சி பெற்றவருக்கான வரம்பு 18 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கே 40 மீட்டர்தான் எல்லை. 30 மீட்டரைத் தாண்டும்போது நைட்ரஜன் போதை போல அறிவை மயக்கத் தொடங்கும். எனவே கண்ணை நம்பாமல், கையில் கட்டிய ஆழமானியையே நம்ப வேண்டும். உண்மையில் பிளடி பேயின் அழகில் பெரும்பகுதி முதல் 20 மீட்டருக்குள்ளேயே இருக்கிறது; அதற்குக் கீழே போயே ஆக வேண்டிய அவசியமில்லை.

திரும்பும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கி, உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் தர வேண்டும். மற்ற இடங்களில் வெறும் நீலத்தைப் பார்த்தபடி கழியும் இந்த நேரம், இங்கே கிளி மீன்கள் பவளத்தைக் கொறிக்கும் பாறைமேட்டின் மேலேயே கழிகிறது. மேல்விளிம்பு ஆழம் குறைந்த இடத்தில் இருப்பதன் பெரிய பயன் இதுதான்.

1986-இல் கேமன் அரசு கடற்பூங்காக்களை அமைத்தது. பிளடி பேயும் அவற்றுள் ஒன்று. அங்கே படகுகள் நங்கூரம் பாய்ச்சுவதில்லை, நிலையான மிதவைகளில் கட்டப்படுகின்றன. தீவின் மேற்குமுனையில் குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி முட்டையிடக் கூடும் நாசோ களவா மீன்களைப் பிடிக்க 2003-இல் தடை வந்தபின், அவற்றின் எண்ணிக்கை மீண்டும் பெருகியிருக்கிறது. ஆனால் உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே அரிது. அதனால் அங்கு இறங்குபவர்கள் காலால் உதைக்காமல், கையால் தொடாமல், சற்றுத் தள்ளி மிதந்து பார்த்துவிட்டு வரட்டும்.