வளைந்த தகட்டில் நீளாத படலம்

இரும்புத் தகட்டை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபட்டு நீள்கிறது, உட்பக்கம் நெரிபட்டுச் சுருங்குகிறது. இரண்டுக்கும் நடுவே நீளாமலும் சுருங்காமலும் ஒரு படலம் இருக்கிறது. அதுதான் நடுநிலை அச்சு. வளைப்பதற்கு முன் தகட்டை எந்த அளவில் வெட்டுவது என்ற கணக்கு முழுக்க இந்தப் படலத்தின் நீளத்தைப் பிடிக்கும் வேலைதான். பட்டறைகளில் இதற்கு ‘டெவலப்மென்ட் எடுப்பது’ என்று பெயர்.

1964-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான ‘பெமல்’ கோலார் தங்கவயலில் புல்டோசர், எக்ஸ்கவேட்டர் போன்ற இயந்திரங்களைச் செய்துவருகிறது. இந்த வகை இயந்திரங்களில் ஓட்டுநர் அறைக்கு மெல்லிய ஷீட், பக்கெட்டுக்குத் தடித்த பிளேட் என்று பல கனங்களில் தகடு வேண்டும். கனம் ஏற ஏறக் கணக்குப் பிசகின் விலையும் ஏறும்.

2 மி.மீ. தகட்டில் ஒரு எல் ஆங்கிள் செய்ய வேண்டும். வெளி அளவுகள் 50, 30 மி.மீ. இரண்டையும் கூட்டி 80-க்கு வெட்டினால் பொருள் பெரிதாகிவிடும். உள் ஆரம் 2 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் வளைவுக்கு 4 மி.மீ. போய், நேர்ப்பகுதிகள் 46, 26 என்று நிற்கும். வளைவுக்குள் இருக்கும் நீளமே பெண்ட் அலவன்ஸ். ஆரத்தோடு, கனத்தை ‘கே’ என்ற எண்ணால் பெருக்கிக் கூட்டி, 90 டிகிரிக்கு 1.5708-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். ‘கே’ 0.42 என்றால் 4.46 மி.மீ. ஆக, வெட்ட வேண்டியது 76.46. எண்பதிலிருந்து கழிந்தது 3.54. ஆரமும் கனமும் 12 மி.மீ. ஆக உள்ள பிளேட்டில் இதே கழிவு ஒரு வளைவுக்கு 21 மி.மீ.-ஐத் தாண்டும்.

நடுநிலைப் படலம் உட்பக்கத்திலிருந்து கனத்தில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பதுதான் ‘கே’. அது ஏன் பாதியாக, அதாவது 0.5 ஆக இல்லை? இழுபடும் வெளிப்பக்கம் மெலிவதால் நடுநிலைப் படலம் உள்நோக்கி நகர்கிறது. வளைவு இறுக இறுக நகர்வு கூடும்; அகன்ற ஆரத்தில் ‘கே’ 0.5-ஐ நெருங்கும். பொதுவாக 0.3-க்கும் 0.5-க்கும் இடையில் வரும். புத்தக அட்டவணையில் இருப்பது தொடக்கத்துக்கு மட்டுமே உதவும்.

தகட்டைப் பஞ்சால் டைக்குள் அழுத்தி வளைக்கும் இயந்திரம் பிரஸ் பிரேக். அதில் தகடு டையின் அடியைத் தொடாமல் வளைக்கும்போது உள் ஆரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது பஞ்ச் முனையல்ல, டையின் வாய் அகலம். சாதாரண இரும்புக்கு அந்த அகலத்தில் சுமார் 16 சதவீதம் ஆரமாக வரும். 12 மி.மீ. டைக்குப் பதில் 16 மி.மீ. டையைப் போட்டால் ஆரம் ஏறக்குறைய 2-லிருந்து 2.5 ஆகும், மேலே சொன்ன ஆங்கிளில் கழிவு கால் மி.மீ. அளவுக்கு மாறும். ஒரு வளைவென்றால் சமாளிக்கலாம். நான்கு வளைவுள்ள பெட்டியில் மூடி உட்காராது.

நம்பகமான வழி சோதனைத் துண்டு. அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதே டையில் 90 டிகிரி வளைத்து, இரு பக்க வெளி அளவுகளையும் வெர்னியரில் எடுக்க வேண்டும். கூட்டுத்தொகை 103.54 என்றால் கழிவு 3.54. ரேடியஸ் கேஜால் உள் ஆரத்தையும் பார்த்துவிட்டால், கணக்கைப் பின்னோக்கி நடத்தி ‘கே’-யையும் எடுத்துவிடலாம். தகட்டின் கனமோ தரமோ டையோ மாறினால் புதுத் துண்டு வெட்ட வேண்டியதுதான்.