பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழக்கத் தயாராக நிற்பது. உலோகத்தோடு சேர்ந்த ஹைட்ரஜனோ எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பது. உலோக ஹைட்ரைடுகளின் வேகம் இங்கிருந்துதான் பிறக்கிறது. பலவற்றுக்கு ஈரக்காற்று பட்டாலே போதும், ஹைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும்.

துத்தநாக ஹைட்ரைடு 1947இல் கிடைத்தது. வெள்ளைத் திடப்பொருள், அணுக்கள் முடிவில்லாமல் பின்னிக் கிடப்பதால் எந்தக் கரைப்பானிலும் கரையாது. வைத்திருந்தால் மெல்லச் சிதையும். கரையாததைக் கொண்டு குடுவையில் நுட்பமான வினை எதுவும் செய்ய முடியாது. விலை மலிவான ஓர் உலோகத்தின் ஆற்றல் அப்படியே முடங்கிக் கிடந்தது.

வழியைத் திறந்தது கார்பீன். 1991இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஆர்டுவெங்கோ, புட்டியில் வைத்துப் பாதுகாக்கக்கூடிய படிகக் கார்பீனைப் பிரித்தெடுத்தார். வளையத்தில் இரண்டு நைட்ரஜன்களுக்கு நடுவே ஒரு கார்பன். அதில் பிணைப்பில் சேராத ஓர் எலக்ட்ரான் இணை. அந்த இணையை உலோகத்துக்கு ஈந்து கார்பன் இறுகப் பற்றிக்கொள்ளும். நைட்ரஜன்களில் தொங்கும் பருத்த கரிமத் தொகுதிகளோ, குடை விரித்ததுபோல் உலோகத்தைச் சூழ்ந்து, பக்கத்து மூலக்கூறுகள் நெருங்கிப் பின்னிக்கொள்ளாமல் தடுக்கும். மறு ஆண்டே அலுமினியம் ஹைட்ரைடு, இப்படி எலக்ட்ரான் இணையை ஈயும் இந்த ஈனியோடு பிணைக்கப்பட்டது. அந்தக் குழுவில் இருந்தவர் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரசிக டயஸ்.

துத்தநாகத்தின் முறை 2013இல் வந்தது. ஜெர்மனியின் ஆகன் நகரில் ஜுன் ஒகுடாவின் ஆய்வகத்தில் அர்னாப் ரிட்டும் சகாக்களும், கார்பீன் தாங்கிய துத்தநாக டைஹைட்ரைடைக் கரையும் மூலக்கூறாகவே பிரித்தெடுத்தனர். எக்ஸ்கதிர்ப் படம் அதை இரட்டை மூலக்கூறாகக் காட்டியது: சில ஹைட்ரஜன்கள் இரு துத்தநாகங்களுக்கும் பாலமாக, மற்றவை ஓரத்தில் தனித்து. ரிட் பின்னர் சென்னை ஐஐடியில் பேராசிரியரானார்.

நிலைப்படுத்துவது என்றால் தூங்கவைப்பது அல்ல. பிடி தளர்ந்தால் சேர்மம் சிதையும். இறுகினால் வினையே நடக்காது. இந்த அளவைக் கண்டுபிடிப்பதில்தான் வேதியியலரின் திறமையெல்லாம் இருக்கிறது.

அந்தத் தேடல் திருவனந்தபுரத்திலும் நடக்கிறது. நகரிலிருந்து நெடுமங்காடு தாண்டிப் பொன்முடி மலைச்சாலையில் போனால் விதுரா. அங்கே ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்தில் அஜய் வேணுகோபால் குழு நேர்மின்சுமை ஏறிய துத்தநாக ஹைட்ரைடுகளை ஆராய்கிறது. கார்பீனுக்குப் பதில் இங்கே பல நைட்ரஜன்களால் பற்றும் ஈனி. ஒகுடாவும் பங்கேற்ற 2021 ஆய்வில் அந்த ஹைட்ரைடு கார்பன் டைஆக்சைடை ஃபார்மேட்டாக மாற்றியது. இடைப்படு சேர்மங்களையும் தனியே பிரித்துப் பார்த்தார்கள் என்பதே இதன் பெரிய பலம். வினை எந்தப் படியில் தயங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இத்தகைய வினைகளுக்குப் பெரும்பாலும் ஹைட்ரஜனைத் தருவது சிலேன், போரேன் போன்ற விலை கூடிய சேர்மங்கள். ஹைட்ரஜன் வாயுவையே நேரடியாக எடுத்துக்கொள்ளும்படி துத்தநாகத்தைப் பழக்குவதுதான் இன்னும் கடினமான வேலை.