இன்றைய காவல்துறையின் சிக்கல்களும் சவால்களும்: தமிழ்நாட்டை முன்வைத்து

குற்றம் தடுத்தல், புலன் விசாரணை, சட்டம் ஒழுங்கு பேணுதல் ஆகிய மூன்று பணிகளையும் ஒருங்கே செய்யும் அரசுத் துறை காவல்துறையாகும். இணையவழி மோசடி, ஆள் பற்றாக்குறை, ஓய்வில்லாப் பணி, அரசியல் தலையீடு, காவல் மரணம் எனப் பல சிக்கல்களை அது இன்று எதிர்நோக்குகிறது. இவை ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. பணிச்சுமை அவசரத்தை உண்டாக்குகிறது; அவசரம் விசாரணையைக் குறுக்கு வழியில் தள்ளுகிறது; குறுக்கு வழியை வெளியிலிருந்து பார்த்துக் கேட்க ஆள் இல்லாதபோது அதுவே வழக்கமாகிவிடுகிறது. எனவே காவல் நிலையத்துக்குள் நடப்பதற்கான கணக்கை யார் கேட்பது என்பதே இச்சிக்கல்கள் அனைத்துக்கும் நடுவில் நிற்கும் கேள்வியாகும்.

வரலாற்றுப் பின்னணி

தமிழகத்தில் ஊர்க்காவல் பழமையானது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'பாடிகாவல்' என்ற சொல், காவலுக்காக மக்களிடம் பெறப்பட்ட வரியைக் குறிக்கும். பிற்காலத்தில் ஊர்தோறும் தலையாரிகளும் காவல்காரர்களும் இருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், சென்னை மாகாணத்தின் 1816-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களின்படி காவல் பொறுப்பு வருவாய்த் துறையினரிடம் சேர்ந்தது. வரி வசூலிக்கும் தாசில்தாரே காவல் அதிகாரியாகவும் இருந்தார்.

இதன் விளைவை ஆராய 1854-ல் சென்னையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. வரிப்பாக்கியை வசூலிக்கவும் ஒப்புதல் வாக்குமூலம் பெறவும் சித்திரவதை பரவலாகக் கையாளப்பட்டதை 1855-ல் வெளியான அதன் அறிக்கை உறுதி செய்தது. விரல்களை நெரிக்கும் 'கிட்டி' என்ற கருவி அதில் இடம்பெற்றது. அதன் பின்னரே 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த தனிக் காவல்துறை உருவானது. 1861-ல் இந்தியக் காவல் சட்டம் வந்தது. காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகாது என்ற விதி 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றது. இன்றைய பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் அவ்விதி தொடர்கிறது. அடித்து வாங்கிய வாக்குமூலத்தை நம்ப முடியாது என்ற பாடத்தைச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றுக்கொண்டது என்பதை இது காட்டுகிறது.

மாறிவரும் குற்றங்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாமல் போன்ற ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏரிப் பாசனமும் வயலும் கொண்ட இவ்வூரை ஒட்டிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை செல்கிறது. அதே சாலையில் திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகள் உள்ளன. ஏரித் தண்ணீர்த் தகராறு, வரப்புச் சண்டை, குடும்பப் பிணக்கு ஆகியவற்றோடு நெடுஞ்சாலை விபத்துகளையும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் புகார்களையும் இத்தகைய பகுதியின் காவல் நிலையம் கையாள வேண்டியுள்ளது. இவற்றோடு கைப்பேசி வழி மோசடியும் சேர்ந்துகொண்டது.

மோசடிக்காரர் வேறொரு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருப்பார். பறிபோன பணம் சில நிமிடங்களுக்குள் பல வங்கிக் கணக்குகளுக்கு மாற்றப்பட்டுவிடும். இதற்காகவே 1930 என்ற தேசிய உதவி எண் இயங்குகிறது; விரைவில் அழைத்தால் பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. ஆயினும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆவது பிரிவின்படி அச்சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமை வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும். முக்கியமான வழக்குகளின் பாரம் இவ்வாறு சில அதிகாரிகளின் தோளில் ஏறுகிறது.

பணிச்சுமையும் அவசரமும்

திருவிழா, தலைவர்கள் வருகை, ஆர்ப்பாட்டம், தேர்தல் ஆகிய அனைத்துக்கும் பந்தோபஸ்து தரக் காவலர்கள் நிலையத்திலிருந்தே அனுப்பப்படுகின்றனர். அவர்கள் திரும்பும் வரை வழக்கு விசாரணை நிற்கிறது. இதைச் சரிசெய்யும் வழி 2006 செப்டம்பர் 22-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஏழு கட்டளைகளுள் ஒன்றாக உள்ளது: புலன் விசாரணையைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்க வேண்டும். கிராமப்புற நிலையங்களில் இன்றும் பெரும்பாலும் ஒரே அதிகாரி இரண்டையும் பார்க்கிறார்.

காவலர் முதல் தலைமைக் காவலர் வரை உள்ளவர்களுக்கு வார விடுப்பு அளிக்கத் தமிழ்நாடு அரசு 2021-ல் ஆணையிட்டது. நெடுநேரம் நின்று, குடும்பத்தைப் பிரிந்து பணியாற்றும் காவலரின் உடல்நலமும் மனநலமும் மக்களின் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையவை. ஆள் குறைவான நிலையங்களில் அந்த ஒரு நாள் ஓய்வும் பந்தோபஸ்துக்குப் போய்விடக்கூடும்.

சாத்தான்குளமும் திருப்புவனமும்

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்ததாகத் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டனர். மறுநாள் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 22-ஆம் தேதி இரவு மகனும், 23-ஆம் தேதி காலை தந்தையும் இறந்தனர். சிறைக்கு முன் அவர்கள் மூன்று வாயில்களைக் கடந்தனர்: மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, நடுவரின் ரிமாண்ட் ஆணை, சிறையின் நுழைவுப் பரிசோதனை. ஒன்றிலும் அவர்கள் தடுத்துக் காப்பாற்றப்படவில்லை.

உண்மை வெளிவந்ததற்குக் காரணம் வெளியார் பார்வையாகும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கைத் தானாகவே எடுத்துக்கொண்டது. விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவருக்கு நிலையத்திலேயே இடையூறு நேர்ந்ததால், நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க நீதிமன்றம் வழிசெய்தது. அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடந்ததைச் சாட்சியமாகச் சொன்னார். சிசிடிவி கேமரா இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவரின் அறிக்கை சுட்டியது. சிபிஐ விசாரித்து ஒன்பது காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பகுதியில், நகை காணாமல்போன புகார் ஒன்றில் கோயில் காவலாளியான இளைஞர் ஒருவர் தனிப்படையினரின் விசாரணையின்போது உயிரிழந்தார். காவலர்கள் கைது செய்யப்பட்டனர். வழக்கு சிபிஐக்குச் சென்றது. சாத்தான்குளத்தில் காரணம் கடை அடைக்கும் நேரம். திருப்புவனத்தில் காணாமல்போன நகை. விரைவில் முடிவு காட்ட வேண்டும் என்ற நெருக்கடியும், யாரும் பார்க்கவில்லை என்ற துணிவும் சேரும்போது சிறிய புகாரும் உயிரைக் குடிக்கும் என்பதை இவை உணர்த்துகின்றன.

பாதுகாப்புகளும் இடைவெளிகளும்

சட்டத்தில் பாதுகாப்புகளுக்குக் குறைவில்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22-ஆவது பிரிவு. கைது குறிப்பாணை எழுதுதல், உறவினருக்குத் தெரிவித்தல், மருத்துவப் பரிசோதனை முதலியவற்றை 1996-ல் டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பு கட்டாயமாக்கியது. 2020 டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில், நிலையத்தின் வாயில்கள், லாக்கப், வராந்தா என எல்லா இடங்களிலும் ஒலியுடன் பதியும் கேமராக்களைப் பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள் பாதுகாக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றுதலையும் காணொளியாகப் பதியச் சொல்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது.

இடைவெளி கண்காணிப்பில் உள்ளது. பிரகாஷ் சிங் தீர்ப்பு, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் காவல்துறைப் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும், காவல்துறையின் உயர் அதிகாரிகளை உறுப்பினர்களாகவும் கொண்டு அதை அமைத்தது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். புகாருக்கு உள்ளான துறையே புகாரைக் கேட்கும் இடத்திலும் அமர்கிறது.

இவ்வகையில் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கே உரிய பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்தம் உறவினர்களையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கியது. பொறுப்பில் இருந்தவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பது இம்மண்ணுக்குப் புதிய கருத்தன்று.

பிற நாட்டு அனுபவம்

இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கைதானவரின் பாதுகாப்புக்கு விசாரணையில் தொடர்பில்லாத ஒரு காவல் அலுவலரைப் பொறுப்பாக்கியது. சாப்பாடு, உறக்கம், மருத்துவம், வழக்கறிஞர் சந்திப்பு அனைத்தையும் அவர் பதிவேட்டில் எழுத வேண்டும். விசாரணை ஒலிப்பதிவு செய்யப்படும். வழக்கை முடிக்க விரும்புபவரும் கைதியைப் பாதுகாப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

தீர்வுக்கான வழிகள்

புலன் விசாரணைக்குத் தனி அணி, மாவட்டந்தோறும் போதிய தடயவியல் வசதி, இணையக் குற்றத்தில் கீழ்நிலைக் காவலர்க்கும் பயிற்சி ஆகியன விசாரணையை அடிதடியிலிருந்து சான்றுக்கு மாற்றும். கேமராப் பதிவுகள் நிலைய அதிகாரியின் கைக்கு எட்டாத இடத்தில் சேமிக்கப்பட வேண்டும். ரிமாண்டின்போது கைதியிடம் காயம் உண்டா என நடுவர் நேரில் கேட்டுப் பதிய வேண்டும். புகார் ஆணையம் துறைக்கு வெளியே இருக்க வேண்டும். உண்மை சொல்லும் காவலருக்கும் பாதுகாப்பு வேண்டும். சாத்தான்குளத்தில் வழக்கைத் தாங்கிய சாட்சியங்களுள் ஒன்று அந்நிலையத்துக்குள்ளிருந்தே வந்தது.

குடிமக்களுக்கும் பங்குண்டு. புகார் அளித்தால் ரசீதையும், வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலையும் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம். இவற்றை அறிந்து கேட்பவர் பெருகப் பெருக, காவல் நிலையம் அச்சத்தோடு நுழையும் இடமாக இல்லாமல், உரிமையோடு நுழையும் அரசு அலுவலகமாக மாறும்.